சாட்சிக் கையெழுத்தும் ஜாமீன் கையெழுத்தும்: ஒரு விவாகரத்து வழக்கின் கடன் கணக்கு

அவர் என் மேஜை மேல் வைத்தது ஒரு ஷூ பெட்டி. ஏற்றுமதி ரகம், சைஸ் 38 என்று பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. உள்ளே முழுக்க நோட்டீஸ்கள். பாதிக் கவர்கள் பிரிக்கப்படவே இல்லை. "பிரிச்சா பயமா கீது வக்கீலம்மா, அதான் வர்றதையெல்லாம் அப்படியே போட்டு வச்சிட்டேன்" என்றார்.

2024 பிப்ரவரி. வேலூர் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாக என்னிடம் வந்த வழக்கு இது. மாதம் 12,000 சம்பளம் வாங்குகிறோமே, நமக்கெல்லாம் இலவச வக்கீல் கொடுப்பார்களா என்று தயங்கியே ஒரு வருஷம் வராமல் இருந்திருக்கிறார். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12வது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்காவின் அம்மா வீடு காட்பாடி பக்கம். குடியாத்தம் பக்கம் வாழ்க்கைப்பட்டார், 2013ல். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் சொந்தமாகக் குட்டி யானை வண்டி ஓட்டியவர். அடி இரண்டாம் வருஷமே ஆரம்பித்துவிட்டது. 2021 அக்டோபரில் ஒரு ராத்திரி ஸ்பேனரால் அடித்ததில் இடது முன்கை வீங்கி, அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் அவர் வண்டியோடு போனவர்தான். பெங்களூரில் இருக்கிறார் என்று பேச்சு. போன் எடுப்பதில்லை. அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்பாடிக்கு வந்து, ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைக்கச் சேர்ந்தார்.

முதல் நாள் அவர் கேட்டது இரண்டு கேள்வி. "ஏழு வருஷம் ஆகணுமாமே?" அப்புறம், "விவாகரத்து ஆயிட்டா கடனும் அவரோடயே போயிடும் இல்ல?"

முதல் கேள்வியை வடாற்காடு முழுக்கக் கேட்டாகிவிட்டது. ஏழு வருஷம் என்பது, ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தகவல் இல்லாதபோது. விட்டுவிட்டுப் போனவர் விஷயத்தில் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13வது பிரிவு கேட்பது, மனு போடும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு வருஷம். கொடுமைக்கு அந்த இரண்டு வருஷமும் வேண்டாம். அக்காவுக்குக் கொடுமையும் இருந்தது, இரண்டு வருஷம் நாலு மாசமும் ஆகியிருந்தது. அதே சட்டத்தின் 19வது பிரிவில் 2003ல் வந்த திருத்தத்தால், மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். குடியாத்தத்துக்கு அலைய வேண்டியதில்லை, வேலூர் குடும்ப நல நீதிமன்றமே போதும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. புருஷன் வாங்கிய கடன், பொண்டாட்டி என்ற ஒரே காரணத்துக்காக அவள் தலையில் ஏறாது. கையெழுத்துப் போட்டிருந்தால் ஏறும். அப்படி ஏறியது தாலியைக் கழற்றினாலும் இறங்காது. கடன் கொடுத்தவர் அந்தக் கல்யாணத்தில் ஒரு தரப்பு இல்லை. குடும்ப நல நீதிமன்றம் என்ன தீர்ப்பு எழுதினாலும் அது பைனான்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே மனுவை எழுதாமல் முதலில் பெட்டியைப் பிரித்தோம். இதற்கே ஐந்து வாரம் போனது. "மனுவைப் போட்டுட்டு அப்புறம் பாருங்கம்மா" என்று என் குமாஸ்தா முணுமுணுத்தார். நான் கேட்கவில்லை. எந்தக் கடனில் யார் என்ன என்று தெரியாமல் விவாகரத்து மனு எழுதினால், "எங்கள் கடன்கள்" என்று ஒரு வரி தெரியாத்தனமாக விழுந்துவிடும். நாளைக்கு அந்த ஒரு வரியையே நகல் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார்.

பெட்டிக்குள்ளே

தொகையை வைத்துப் பிரிக்கவில்லை. அக்கா எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார், எதுவாகப் போட்டார் என்று பார்த்துப் பிரித்தோம்.

குழுக் கடன் 40,000, அக்கா பெயரிலேயே இருந்தது. 2021 ஜூலையில் வாங்கியது. பணத்தை எடுத்தது வீட்டுக்காரர். ஆனாலும் சட்டப்படி அது முழுக்க அக்காவின் கடன்தான், அதில் பேச ஒன்றுமில்லை. என்னிடம் வருவதற்கு முன்பே 2023ல் கட்டி முடித்துவிட்டார். "நான் கட்டலைன்னா மத்த ஒம்போது பேர் போட்டுக் கட்டணும், அவங்க வயித்துல அடிக்கக் கூடாது" என்றார். கட்டிய காலத்தில் வசூலுக்கு வந்தவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் காட்பாடி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் தொந்தரவு செய்யக் கூடாது. இது தெரிந்திருந்தால் அக்கா அன்றைக்கே எழுந்து நின்று பேசியிருப்பார்.

கட்டி முடித்த கடனாக இருந்தாலும் அந்தப் பாஸ்புக்கைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். ஒரே பக்கத்தில் 40,000 வரவு. அதே தேதியில் கீழே நான்கு வரி, ஒவ்வொன்றும் 10,000, ஏடிஎம். அன்றைக்கு அக்கா பேரணாம்பட்டு பக்கம் வேலை பார்த்த கம்பெனியில் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை பஞ்ச் ஆகியிருக்கிறது. கார்டு வீட்டுக்காரர் சட்டைப் பையில். கேட்டதற்கு அடி விழுந்தது என்று நாள் சொல்லும் அளவுக்கு அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அதற்கு இதைவிடச் சுத்தமான ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை.

நகை ஏழு பவுன். அம்மா வீட்டில் போட்டது. வீட்டுக்காரர் தன் பெயரில் அடகு வைத்திருந்தார். ரசீது அவர் பெயரில், ஏல அறிவிப்பும் அவர் பெயரில், குடியாத்தம் முகவரிக்கு. மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார், சொல்லவில்லை. 2022லேயே ஏலம் போய்விட்டது. சீதனம் மனைவிக்கே முழுச் சொந்தம், கணவனிடம் இருப்பது ஒப்படைத்து வைத்தது போலத்தான் என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. ஆனால் ஏலத்தில் போன சங்கிலியைத் திருப்பிக் கொண்டுவர எந்தத் தீர்ப்பாலும் முடியாது. அதன் மதிப்பைக் கேட்கலாம். கேட்டோம்.

வண்டிக் கடன்தான் பெரிய தலைவலி. கடன் அவர் பெயரில், அக்கா ஜாமீன். "பதினாலு எடத்துல போடச் சொன்னாங்க, போட்டேன், படிக்க எங்க விட்டாங்க." 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. முதலில் அவரைப் பிடியுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. தவணை நின்றதும் பைனான்ஸ் கம்பெனி வண்டியைத் தூக்கி, விற்று, மீதி 1,38,400 என்று அக்காவுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அடுத்ததாக ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) நியமனம் என்று இன்னொரு கவர். அதுவும் பிரிக்காத கவர்களில் ஒன்று.

நான் எழுதிய பதிலில் மூன்றே கேள்வி. வண்டியை விற்கப் போகிறோம் என்று ஜாமீன்தாரருக்குத் தகவல் கொடுத்தீர்களா, என்ன விலைக்கு மதிப்பிட்டீர்கள், கணக்கு அறிக்கை எங்கே. ஜாமீன்தாரரைக் கேட்காமல் அடமானப் பொருளைக் கைவிட்டால் அந்த மதிப்பளவுக்கு அவர் பொறுப்பு குறையும் என்று அதே சட்டத்தின் 141வது பிரிவு சொல்கிறது. கம்பெனிக்காரர்கள் இந்தப் பிரிவு எண்ணைப் பார்த்ததும் பேச வந்தார்கள். 48,000க்கு முடிந்தது, எட்டுத் தவணை, பாதியை அக்காவின் தம்பி போட்டார். நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் கடைசித் தவணை. ஒன்று சொல்ல வேண்டும்: இப்படிக் குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், 'க்ளோஸ்டு' என்று விழாது. அடுத்த கடன் கேட்கும்போது இது உறுத்தும். அக்காவிடம் சொல்லித்தான் செய்தேன். "இன்னொரு கடனா? சாமி, வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

புரோநோட்டு

நாலாவது கடனைப் பற்றி அக்கா பெட்டியில் எதுவும் வைக்கவில்லை. அது அவர் செல்போனில் இருந்தது.

குடியாத்தத்தில் ஒரு வட்டிக்காரரிடம் 2021 செப்டம்பரில் வாங்கிய 50,000. மூணு வட்டி. வீட்டுக்காரர் போன பிறகு அந்த 1,500ஐ மாதாமாதம் அக்காதான் கட்டியிருக்கிறார், பதினெட்டு மாசம். ஆக 27,000. "நானும் கையெழுத்துப் போட்டுக்கீறேனே, கட்டித்தானே ஆகணும்?" அப்புறம் முடியாமல் நிறுத்தியிருக்கிறார். வட்டிக்காரர் கெட்டவர் இல்லை என்று அக்கா அடித்துச் சொன்னார். ஒரு தடவைகூடச் சத்தம் போட்டதில்லையாம். இப்போது ஒரு வழியும் சொல்லியிருக்கிறார்: பழைய நோட்டைக் கிழித்துவிடலாம், அக்கா பெயரில் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம், வட்டியை ரெண்டாகக் குறைத்துக்கொள்கிறேன். மறுநாள் போய் எழுதிக் கொடுப்பதாக அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். என்னிடம் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

நோட்டின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். போனில் காட்டினார். மங்கலான படம். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் வீட்டுக்காரர் கையெழுத்து. இன்னும் கீழே இழுத்தேன். இடது மூலையில் 'சாட்சிகள்' என்று எழுதி அடிக்கோடு. 1 என்று யாரோ ஒருவர். 2 என்று அக்கா.

"அக்கா, நீங்க இதுல சாட்சி."

"ஆமா, போட்டேனே."

"சாட்சின்னா, அவர் பணம் வாங்கினதைப் பார்த்தேன்னு மட்டும்தான் அர்த்தம். நான் கட்டறேன்னு இல்ல."

அக்கா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரல் விட்டு எண்ணினார். பதினெட்டு தடவை ஆயிரத்து ஐந்நூறு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் எண்ணினார்.

புது நோட்டு மட்டும் எழுதியிருந்தால் அவ்வளவுதான். யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியில்லாதவர், அன்றைய தேதியிட்டு, தன் கையால், நேரடிக் கடன்காரராக ஆகியிருப்பார். அந்தத் தேதியிலிருந்து வழக்குப் போட வட்டிக்காரருக்கு மூன்று வருஷம் புதிதாகக் கிடைத்திருக்கும். 'வட்டியைக் குறைக்கிறேன்' என்று அன்பாகப் பேசுகிறவரிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

தவறாக நினைத்துக் கட்டிய 27,000ஐ ஒப்பந்தச் சட்டத்தின் 72வது பிரிவில் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். மாசம் நூற்றுக்கு மூணு என்பது வருஷத்துக்கு 36. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டமும் இருக்கிறது, நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பெயர் சொல்லியே அதில் வருகின்றன. அக்கா வேண்டாம் என்றுவிட்டார். இனிமேல் கட்ட மாட்டேன் என்று மட்டும் ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் முடிவு அவருடையது.

இரண்டு முகவரி

மனு போட்ட விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரரின் அண்ணன் இரண்டு பெரியவர்களோடு காட்பாடிக்கு வந்தார். கோர்ட்டெல்லாம் எதற்கு, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடியட்டும், ஊரில் உட்கார்ந்து பேசி விடுதலைப் பத்திரம் எழுதிவிடலாம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: கடன் முழுக்க அக்கா ஏற்றுக்கொள்வதாக அதில் ஒரு வரி. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ஊரார் கையெழுத்துப் போட்டால் இந்து திருமணம் கலைந்துவிடாது. அந்தச் சாதியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபித்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. ஆனால் கடனை ஏற்கிறேன் என்ற வரியை எடுத்துக் காட்ட ஆள் வருவான். கல்யாணம் அப்படியே இருக்கும், கடன் மட்டும் கைமாறும். வந்தவர்களுக்கு அக்கா காபி கொடுத்து அனுப்பினார்.

இனி சம்மன். காணாமல் போனவர் மேல் வழக்கு ஜெயிப்பது சுலபம் என்று ஒரு நினைப்பு உண்டு. ஜெயிப்பது சுலபம்தான். அதை அவர் வந்து உடைப்பதும் அதே அளவு சுலபம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது எதிர்த்தரப்பு வராமலே தரும் தீர்ப்பு, வந்த பின், எனக்குச் சம்மனே வரவில்லை என்று ஒரு மனு போட்டால் போதும். தெரிந்த நாளிலிருந்து முப்பது நாள் அவருக்கு உண்டு. அதற்குள் மனைவி மறுமணம் செய்திருந்தால் நிலைமை என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

குடியாத்தம் முகவரிக்குச் சம்மன் கொடுக்கும் கோர்ட் ஊழியர், அமீனா, போனார். "இங்க இல்லீங்க" என்றார் மாமியார். அமீனா கதவில் ஒட்டிவிட்டு வந்தார். பதிவுத் தபாலும் திரும்பியது. அடுத்தது வழக்கமாகப் பத்திரிகை விளம்பரம். குமாஸ்தா வேலூர் பதிப்புக்கு மனுவே தயார் செய்துவிட்டார். எனக்கு அங்கேதான் உறுத்தியது. விளம்பரம் வரும் பத்திரிகை, எதிர்மனுதாரர் கடைசியாகக் குடியிருந்த அல்லது வேலை செய்த ஊரில் புழங்குவதாக இருக்க வேண்டும். அவர் பெங்களூரில் இருக்கிறார் என்று ஊரே சொல்லும்போது வேலூர் பதிப்பில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

வண்டிக் கடன் பேச்சுவார்த்தைக்காக மறுபடி ஷூ பெட்டியைக் கிளறும்போது அந்த நோட்டீஸ் கையில் வந்தது. கம்பெனி அனுப்பியது, அக்காவுக்கும் அவருக்கும் சேர்த்து. மேலே பெறுநர் பகுதி. முதலில் அவர் பெயர், குடியாத்தம் முகவரி. அதற்குக் கீழே அதே பெயர், இன்னொரு முகவரி: பெங்களூர், ஓசூர் ரோடு பக்கம், கதவு எண், பின்கோடு எல்லாம். வசூலுக்கு ஆள் தேடியவர்கள் அவரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! நான் அதுவரை அந்தத் தாளில் 1,38,400 என்ற எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தேன். இரண்டு மாசம் என் மேஜையிலேயே இருந்த தாள்.

புது முகவரிக்குச் சம்மன் போனது. 2024 ஆகஸ்டில் கவர் திரும்பி வந்தது, தபால்காரர் குறிப்போடு: வாங்க மறுத்தார். 'அப்படி யாரும் இல்லை' என்றிருந்தால் எனக்குக் கஷ்டம். வாங்க மறுத்தால் சட்டப்படி சார்வு ஆனதுதான், சம்மன் அவரிடம் சேர்ந்ததாகவே கணக்கு.

தீர்ப்பு

வாய்தாக்களுக்கு அவர் வரவில்லை. அக்கா சாட்சிக் கூண்டில் இருபது நிமிஷம் நின்றிருப்பார். மருத்துவமனை ஏ.ஆர். (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) நகல், புகாருக்குக் காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது (சமாதானமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பியதற்குச் சாட்சியாக அந்த ஒரு சீட்டுதான் மிஞ்சியது), பாஸ்புக் பக்கம், பஞ்ச் பதிவு, ஏல விவரம், கம்பெனி நோட்டீஸ், புரோநோட்டுப் படம். ஆவணங்களில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. அடித்ததற்குப் பெரும்பாலும் சாட்சி இருப்பதில்லை. கடன் காகிதத்தில் தேதி இருக்கும், நேரம் இருக்கும், யார் எடுத்தார் என்று இருக்கும்.

2025 பிப்ரவரியில் கொடுமை, கைவிடுதல் இரண்டின் பேரிலும் திருமணம் கலைக்கப்பட்டது. பிள்ளைகள் அக்காவிடம். நிரந்தர ஜீவனாம்சம் 3,50,000. கடன்களை யார் வாங்கினார், யார் செலவு செய்தார் என்று தீர்ப்பில் பதிய வேண்டும் என்று நான் தனியாக வாதாடினேன், பதிந்தார்கள். கடன் கொடுத்தவர்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் ஜாமீன்தாரர் கட்டியதைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 145வது பிரிவு இருக்கிறதே, அந்த 48,000ஐக் கேட்கும் நாளில் அது உதவும்.

கைக்கு வந்த பணம் இதுவரை எதுவும் இல்லை. குடும்ப வன்முறை மனுவில் பிள்ளைகளுக்கு மாதம் 6,000 இடைக்கால உத்தரவு வாங்கினோம், ஒரு மாசம்கூட வரவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் குடியாத்தத்தில் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் ஒரு மனை இருப்பது தெரிந்தது. அவர் பாகத்தை ஜப்தி செய்ய நிறைவேற்று மனு நிலுவையில் இருக்கிறது. அண்ணன் இப்போது என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்.

வட்டிக்காரர் எங்கள் நோட்டீஸைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மூன்று வருஷம் முடியும் முன், 2024 ஆகஸ்டிலேயே, 50,000க்கு வழக்குப் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் மேல் மட்டும். போன மாசம் அக்கா ஒரு கவரோடு வந்தார். இந்த முறை பிரித்தே கொண்டுவந்திருந்தார். முன்சீப் கோர்ட் சம்மன். "என் பேர்ல கேஸ் போட்டுட்டாருங்களா?"

வாங்கிப் படித்தேன். எதிர்வாதி இடத்தில் அவர் பெயர் இல்லை. வாதி தரப்பில், இரண்டாவது சாட்சி.